4 படியும் 24 அடியும்

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழு உரையையும் வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



இதுவரைக்கும் பேசினவங்க எல்லாரும் மேடையில ஏறிப் பேசினாங்க. நான் கீழே நின்னே பேசறேன். யாரும் தப்பா நினைக்க வேண்டாம். மேடைக்கு 3 படி இருக்கு. பிடிச்சுக்க ஒண்ணும் இல்லை. தலைவி அக்கா, "நாங்க நாலு பேர் சேர்ந்து ஏத்தி விடறோம், வாம்மா"ன்னு பாசமாத்தான் கூப்பிட்டாங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். ஏன் வேண்டாம்னு சொன்னேன் என்பதைத்தான் இப்போ பேசப் போறேன்.

எனக்கு 2 வயசுல இளம்பிள்ளைவாதம் வந்தது. இடது காலுக்குக் காலிபர் போட்டிருக்கேன், கையில ஊன்றுகோல். 12 வருஷமா குழுவில் இருக்கேன். என் கஷ்டத்தைச் சொல்லி உங்க கண்ணைக் கலங்க வைக்க நான் வரலை. நம்ம கூட்டமைப்பு சொந்தக் கட்டிடம் கட்டப் போகுது. பிளான் போட்டு வந்தாச்சு. அடுத்த வாரம் கையெழுத்துப் போடப் போறோம். அந்தப் பிளானை நானும் பார்த்தேன். முன்வாசலில் 4 படி இருக்கு. வேற வழி இல்லை. அதனாலதான் இன்னைக்கே பேசணும்னு நேரம் கேட்டேன்.

மாடியில் இருந்த வங்கி

எங்க குழுவுக்குக் கடன் கொடுத்த வங்கி மாடியில இருந்தது. 18 படி. முதல் தடவை நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியா ஏறினேன். சேலையெல்லாம் மண்ணு. மேலே போனதும் எல்லாரும் என்னையே பார்த்தாங்க. அதுக்கப்புறம் நான் ஏறலை. பிரதிநிதி அக்கா மேலே போய்ப் பேசுவாங்க. கையெழுத்து மட்டும் நான் போடணும். காகிதத்தைக் கீழே கொண்டு வருவாங்க. சைக்கிள் நிறுத்தற இடத்துல, சுவர்மேல வச்சு, காட்டின இடத்துல எல்லாம் போட்டுக் கொடுப்பேன்.

மூணாவது கடன் வாங்கும்போது கொஞ்ச நாள் கழிச்சுப் பாஸ்புக்கைப் பார்த்தா, நாங்க கேட்காத காப்பீட்டுக்குப் பணம் பிடிச்சிருக்காங்க. போய்க் கேட்டா, "உங்க ஊக்குநர் கையெழுத்துப் போட்டிருக்காங்களே"ன்னு காகிதத்தைக் காட்டினாங்க. என் கையெழுத்துத்தான். என்ன எழுதியிருக்குன்னு படிக்காமப் போட்டது. குழுவில யாரும் என்னைத் திட்டலை. ஆனா அன்னைக்குக் கூட்டத்துல யாரும் என் முகத்தையும் பார்க்கலை. 4 மாசம் அலைஞ்சு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கினோம்.

அதுவரைக்கும் படி ஏற முடியலைங்கறது என் கால் பிரச்சினைன்னுதான் நினைச்சிருந்தேன். அது கால் பிரச்சினை மட்டும் இல்லை. கணக்குப் பிரச்சினை, காசுப் பிரச்சினை, குழுவில இருக்கற 14 பேரோட பிரச்சினை. ஒரு கட்டிடத்துக்குள்ள போக முடியாதவளுக்கு அங்கே என்ன முடிவாகுதுன்னு தெரியாது. ஆனா அந்த முடிவுக்கு அவளும் பொறுப்பாகணும்.

தூக்கிக்கிட்டுப் போறது உதவியா?

"தூக்கி விட ஆள் இருக்கோமே, பிறகென்ன?"ன்னு நிறையப் பேர் கேட்கறாங்க. நல்ல மனசோடதான் கேட்கறாங்க. ஒரு ஆபீஸ்ல என்னை நாற்காலியோட ரெண்டு ஆம்பளைங்க தூக்கிட்டுப் போனாங்க. ஒருத்தர் கை எங்கே படுது, சேலை எங்கே விலகுதுன்னு நான் பார்ப்பேனா, விழுந்திடுவேனோன்னு பயப்படுவேனா? அந்த வேலைக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. நான் போகலை. அந்தச் சான்றிதழ் இன்னைக்கு வரைக்கும் வாங்கலை.

இன்னொரு விஷயமும் சொல்றேன். இங்கே எல்லாரும் பொம்பளைங்க, அதனால சொல்றேன். வெளியே போற அன்னைக்கு நான் காலையில இருந்து தண்ணி குடிக்க மாட்டேன். போற இடத்துல கழிப்பறை இருக்கும். ஆனா வாசல் குறுகலா இருக்கும், தரை வழுக்கும், உட்கார்ந்தா எழுந்திரிக்கப் பிடி இருக்காது. என்னை மாதிரி எத்தனை பேர் தாகத்தோட வீட்டுக்குத் திரும்பறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

இதெல்லாம் பெரிய மனசு பண்ணிச் செய்து கொடுக்கற விஷயம் இல்லை. சட்டம். 1995-ல் ஒரு சட்டம் வந்தது. அதில் 7 வகைக் குறைபாடுகளைத்தான் சொல்லியிருந்தாங்க. அதுக்குப் பதிலா 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கு. இதில் 21 வகைகள் இருக்கு. கை கால் இயலாதவங்க, கண் தெரியாதவங்க, காது கேட்காதவங்க மட்டும் இல்லை. மூளை முடக்குவாதம், மனநோய், அறிவுசார் குறைபாடு உள்ளவங்க, தொழுநோய் வந்து குணமானவங்க, ஆசிட் வீச்சுக்கு ஆளானவங்க எல்லாரும் இதில் வர்றாங்க. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேலான மாற்றுத்திறனாளிகளை எழுதியிருக்காங்க.

இந்தச் சட்டத்தில் நாம தெரிஞ்சுக்க வேண்டியது 3 விஷயம்.

ஒண்ணு, பொதுக் கட்டிடம்னா அரசாங்கக் கட்டிடம் மட்டும் இல்லை. தனியார் கட்டிடமா இருந்தாலும், பொதுமக்கள் வந்து போனா அது பொதுக் கட்டிடம்தான். வங்கி, மருத்துவமனை, கல்யாண மண்டபம், பஸ் நிலையம் எல்லாம் இதில் வரும். நம்ம கூட்டமைப்புக் கட்டிடமும் வரும்.

ரெண்டு, மாற்றுத்திறனாளிகள் வந்து போக வசதி இல்லாத பிளானுக்குக் கட்டிட அனுமதி கொடுக்கக் கூடாதுன்னு 44-வது பிரிவு சொல்லுது. கட்டி முடிச்ச பிறகு கொடுக்கற சான்றும் அப்படித்தான்.

மூணு, பழைய பொதுக் கட்டிடங்களையும் மாத்தணும். அதுக்கு 45-வது பிரிவு 5 வருஷம் அவகாசம் கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வெளியாச்சு. அப்போ அந்த 5 வருஷம் 2022-லேயே முடிஞ்சு போச்சு. சட்டத்தை மீறினா முதல் தடவை 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம். மறுபடியும் மீறினா 50,000-ல் இருந்து 5 லட்சம் வரைக்கும் அபராதம்.

ராஜீவ் ரதூரின்னு பார்வைக் குறைபாடு உள்ள ஒருத்தர் 2005-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். சாலை, பஸ், ரயில், கட்டிடம் எல்லாம் எங்களுக்கும் பயன்படணும்னு கேட்டார். அந்த வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் தேதி ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. அளவுகளை எல்லாம் "செய்தால் நல்லது" என்கிற மாதிரி வெறும் வழிகாட்டுதலா வச்சுக்கிட்டா போதாது, கட்டாயம் செய்தே ஆகணும்கிற விதிகளைத் தனியா வகுக்கணும்னு நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவு போட்டது. ஒரு மனுஷன் 19 வருஷம் வழக்கு நடத்தி வாங்கின வார்த்தை அது. நாம ஒரு டேப்பு எடுத்து அளக்கக் கூடாதா?

டேப்பு எடுத்து அளந்து பாருங்க

"எங்க ஊர்லதான் சாய்தளம் போட்டிருக்காங்களே"ன்னு சொல்வீங்க. போட்டிருக்காங்க. அதில் ஏற முடியுதா?

பக்கத்து ஊராட்சியில ஒரு கட்டிடத்துக்குச் சாய்தளம் போட்டாங்க. உயரம் 2 அடி, நீளம் 6 அடி. மேலே வழவழன்னு டைல்ஸ். நம்ம உறுப்பினர் ஒரு அக்கா, நடக்க முடியாத மகனைச் சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. மழை தூறியிருந்தது. பாதி ஏறினதும் நாற்காலி பின்னால வந்திடுச்சு. மகனைக் கீழே விடாம அந்த அக்கா தாங்கிப் பிடிச்சாங்க. மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. 2 மாசம் பால் கறக்க முடியலை. கடன் தவணையைக் குழுதான் சேர்ந்து கட்டினது. தப்பா போட்ட சாய்தளம் படியைவிட ஆபத்து.

கணக்கு ரொம்பச் சுலபம். 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறையில் இருக்கு. 1 அடி உயரத்துக்குக் குறைஞ்சது 12 அடி நீளம் வேணும். 2 அடி உயரம்னா 24 அடி. நீளம் கூடினா இன்னும் நல்லது, குறையவே கூடாது. அகலம் குறைஞ்சது 4 அடி. ரெண்டு பக்கமும் கைப்பிடி. சக்கரம் ஓரத்துல இறங்காம இருக்கச் சின்ன விளிம்பு. நீளமான சாய்தளம்னா நடுவுல நின்னு மூச்சு வாங்க 5 அடி சமதளம். கதவுக்கு முன்னாடியும் 5 அடி சமதளம். தரை சொரசொரப்பா இருக்கணும்.

உள்ளே கதவு அகலம் 3 அடி வேணும். நிலைப்படி வாசக்கால் தட்டக் கூடாது. கழிப்பறைக்குள்ள சக்கர நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி காலியா இருக்கணும். மேற்கத்திய பாணிக் கழிப்பறை, பக்கத்துல பிடிச்சு எழுந்திரிக்க இரும்புப் பிடி, வெளிப்பக்கம் திறக்கற கதவு வேணும். ஏன் வெளிப்பக்கம்? உள்ளே ஒருத்தர் விழுந்து கிடந்தா, உள்பக்கம் திறக்கற கதவு அவங்க மேலேயே முட்டும். காப்பாத்தப் போறவங்க உள்ளே போக முடியாது.

கண் தெரியாதவங்களுக்கு, மூடாத சாக்கடை, நடைபாதையில நிக்கற மின்கம்பத்து இழுவைக் கம்பி, தலைக்கு இடிக்கற தகரக் கூரை எல்லாம் ஆபத்து. பார்வை மங்கினவங்களுக்குப் படியோட விளிம்புல மஞ்சள் பட்டை அடிச்சாலே பெரிய உதவி. காது கேட்காதவங்களுக்கு ஒலிபெருக்கியில சொல்றது போதாது, பெரிய எழுத்துல பலகையில எழுதி வைக்கணும்.

இது எங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. 8 மாசக் கர்ப்பிணிப் பொண்ணு, முட்டிவலிக்காரங்க, கண்புரை ஆபரேஷன் செய்த அம்மா, அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில கொண்டு வர்றவங்க எல்லாரும் அந்தச் சாய்தளத்தில்தான் ஏறுவாங்க. இங்கே முட்டிவலி இல்லாதவங்க கை தூக்குங்க பார்ப்போம். (சிரிப்பு) பாருங்க, நாலு கை கூட வரலை.

அவசரத்தில் யார் வெளியே வருவார்?

உள்ளே போற வழியைப் பத்திப் பேசினோம். வெளியே வர்ற வழியையும் பேசணும்.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் விடியற்காலை நேரம் தீப்பிடிச்சது. உள்ளே இருந்தவங்களைச் சங்கிலியால கட்டிப் போட்டிருந்தாங்க. கீத்துக் கொட்டகை. ஓட முடியலை. 28 பேர் செத்துப் போனாங்க. நாடே அதிர்ந்தது. மனநலம் பாதிச்சவங்களைச் சங்கிலியால கட்டக் கூடாதுன்னு 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்போ தெளிவாச் சொல்லுது.

நம்ம ஊர்ல சங்கிலி இல்லைன்னு நாம நிம்மதியா இருந்திட முடியாது. கண் தெரியாத பாட்டியை வீட்டுக்குள்ள வச்சு, பத்திரமா இருக்கட்டும்னு வெளியே பூட்டிட்டு வேலைக்குப் போறோமே, அதுவும் அதே மாதிரிதான். இப்போ இந்தக் கூட்டத்தையே பாருங்க. ஒரே வாசல். நடைபாதை வரைக்கும் நாற்காலி போட்டிருக்கோம். ஒரு மின்கசிவு வந்தா நீங்க ஓடிடுவீங்க. நான்?

புயல், வெள்ளம், தீ மாதிரி ஆபத்து வந்தா மாற்றுத்திறனாளிகளுக்கும் சமமான பாதுகாப்பு கொடுக்கணும்னு 2016 சட்டத்தின் 8-வது பிரிவு சொல்லுது. மாவட்டத்தில் இருக்கற மாற்றுத்திறனாளிகள் விவரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிவு செய்து வச்சு, ஆபத்து வரும்போது அவங்களுக்குத் தகவல் சொல்லணும். அந்தப் பதிவில் நம்ம ஊர்க்காரங்க பேர் இருக்கான்னு கேட்க வேண்டியது நாம.

உதவி செய்யறதுக்கும் முறை இருக்கு. முதல்ல, "எப்படிப் பிடிக்கட்டும்?"னு கேளுங்க. கண் தெரியாதவங்க கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, உங்க முழங்கையை அவங்க பிடிச்சுக்கட்டும். காது கேட்காதவங்களைத் தோளைத் தொட்டு, சைகையில வழி காட்டுங்க. ஊன்றுகோல், காலிபர், சக்கர நாற்காலியைப் பொருள்தானேன்னு விட்டுட்டு வராதீங்க. அது இல்லாம நாங்க அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது.

நமது கட்டிடத்துக்கு வருவோம்

கொத்தனாரிடம் நான் பேசினேன். "பேஸ்மட்டம் 2 அடிதானேம்மா, 8 அடியில இறக்கிடலாம்"னார். 24 அடி வேணும்னு சொன்னேன். சிரிச்சார். டேப்பைப் போட்டுக் காட்டின பிறகு, "சரி, இடம் எங்கே இருக்கு?"ன்னார்.

சில அக்காமாருக்கும் அதே கேள்விதான். முன்னாடி 2 கடை கட்டி வாடகைக்கு விடலாம்னு இருக்கோம், சாய்தளம் வந்தா ஒரு கடை போயிடும், வாடகை போயிடும்னு சொல்றாங்க. நியாயமான கவலை. அந்த வாடகை நம்ம எல்லாருக்கும் வேணும், எனக்கும் வேணும்.

ஆனா கிழக்குப் பக்கம் வண்டி நிறுத்த 12 அடி அகலம் விட்டிருக்கோம். நீளம் 40 அடி. அதில் சுவரை ஒட்டி 5 அடி அகலம் எடுத்துக்கலாம். 24 அடி சாய்தளம், நடுவில் 5 அடி சமதளம், மேலே கதவுக்கு முன்னாடி 5 அடி சமதளம். மொத்தம் 34 அடி. இடம் சரியா இருக்கு, கடையும் போகாது. கிழக்குச் சுவரில் ஒரு சன்னல் இருக்கற இடத்தில் கதவு வைக்கணும், அவ்வளவுதான். கட்டறதுக்கு முன்னாடி இது பேனாவால மாத்தற வேலை. கட்டின பிறகு சம்மட்டியால இடிக்கற வேலை.

இன்னொண்ணு, அந்தக் கதவைப் பூட்டி வச்சு, நான் வரும்போது மட்டும் சாவி தேடக் கூடாது. எல்லாரும் அதில் போய் வரணும்.

ஆகவே பொதுக்குழுவிடம் நான் வைக்கற கோரிக்கை 4:

1. பிளானில் சாய்தளம், கைப்பிடி, கழிப்பறை, ரெண்டாவது கதவு சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

2. ஒவ்வொரு குழுவும் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் தங்கள் ஊரில் ஒரு பொது இடத்தை டேப்பு வைத்து அளந்து வர வேண்டும். ரேஷன் கடை, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், பஸ் நிறுத்தம், கிராம நிர்வாக அலுவலர் அலுவலகம், எதுவானாலும் சரி. ஊரில் உள்ள மாற்றுத்திறனாளி ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். எங்கே இடறும் என்று அவருக்குத்தான் தெரியும்.

3. அளந்ததை எழுதிக் கிராம சபையில் மனுவாகக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்ற வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் 6 நாள் கிராம சபை இருக்கிறது. நடக்கவில்லை என்றால் கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கொடுங்கள். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்க மறக்காதீர்கள். ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு நம் பெண்களும் முன்வர வேண்டும்.

4. அவசர நேரத்தில் தானாக வெளியே வர முடியாதவர்கள் யார், எந்தத் தெரு, யார் போய் அழைத்து வருவது என்று ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும்.

முடிக்கப் போறேன். ஆரம்பத்தில், மேடைக்கு ஏன் வரலைன்னு சொல்றேன்னேன். நீங்க தூக்கி விட்டா நான் இன்னைக்கு ஏறிடுவேன். ஆனா அடுத்த வருஷமும் தூக்க ஆள் வேணும். நீங்க இல்லாத அன்னைக்கு நான் வர முடியாது. புதுக் கட்டிடத்தில் நடக்கற முதல் பொதுக்குழுவில், என் சேமிப்பும் சேர்ந்து கட்டின அந்த வாசல்ல, நானா நடந்து உள்ளே வரணும். என்னை விட முடியாத இன்னொரு தங்கச்சி சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கிட்டு என் பின்னால வரணும். அதுதான் என் ஆசை.



(உரைக்குப் பின் 40 நிமிடம் விவாதம் நடந்தது. கட்டிட வரைபடத்தைத் திருத்துவது என்றும், 4 கோரிக்கைகளையும் ஏற்பது என்றும் தீர்மானம் நிறைவேறியது. உங்கள் குழு அளந்த இடம் எது, என்ன அளவு என்பதை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.)